சுல்தானின் துபாஷிகள்: மாவ்ரோகோர்தாதோஸ் குடும்பத்தின் இருநூறு ஆண்டுகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: உதுமானியப் பேரரசில் கிரேக்கர்கள் ஆளப்பட்ட மக்கள்தானே? அப்படியிருக்க அங்கே கிரேக்கப் பிரபுக் குடும்பங்கள் எப்படித் தழைத்தன? அவர்கள் சுல்தானுக்கு விலைபோனவர்களா, அல்லது உள்ளே இருந்துகொண்டே தங்கள் மக்களுக்கு உதவியவர்களா?

பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் இரண்டும் சரி என்றுதான் முடியும். அதனால் ஒரே ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மாவ்ரோகோர்தாதோஸ் குடும்பம் 1660களில் மேலே வரத் தொடங்கி, 1860கள் வரை ஏதாவது ஒரு அரசவையில் இருந்துகொண்டே இருந்தது. இவர்களைத் துரோகி, தியாகி என்ற தராசில் நிறுத்தினால் ஒன்றும் பிடிபடாது என்பது என் கருத்து. அவர்கள் முதலில் பார்த்தது வீட்டை. அடுத்து ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை. கிரேக்கம் என்ற தனி நாடு பற்றிய எண்ணம் அவர்கள் கதையின் கடைசிக் காலத்தில்தான் வருகிறது.

முதலில் ‘பிரபு’ என்பதில் இருக்கும் சிக்கலைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவில் இருந்ததுபோல, தகப்பனுக்குப் பின் மகன் என்று நிலமும் பட்டமும் இறங்கிவரும் பிரபு வர்க்கம் உதுமானியர்களிடம் கிடையாது. சுல்தானின் முதலமைச்சரான பெரிய வசீரின் சொத்தையே அவர் தலை உருண்ட மறுநாள் அரசு எடுத்துக்கொள்ளும். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) உதுமானியர்களிடம் விழுந்தபோது பைசாந்தியப் பிரபுக்களின் உலகமும் முடிந்துபோனது. அதன்பின் நகரத்தில் எழுந்த கிரேக்கச் செல்வர்கள் வணிகர்கள், சேனைக்கு இறைச்சி கொடுத்தவர்கள், வரிக் குத்தகை எடுத்தவர்கள். 1600-ஐ ஒட்டி ஆர்த்தடாக்ஸ் தலைமைப் பேராயரின் இருக்கை பொற்கொம்புக் கழிமுகத்தின் கரையில் உள்ள ஃபனார் பகுதிக்கு வந்தது. செல்வர்களும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அவர்களுக்கு ஃபனாரியோட்டுகள் என்று பெயர். பரம்பரைப் பெருமையெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்டதுதான்.

மாவ்ரோகோர்தாதோஸ் குடும்பமும் அப்படித்தான். சியோஸ் தீவைச் சேர்ந்த பட்டு வணிகர் நிகோலாஸ், கான்ஸ்டான்டிநோபிளில் லொக்ஸாந்திரா என்ற பெண்ணை மணந்தார். அந்தம்மாவின் தகப்பனார் ஸ்கார்லாதோஸ் இறைச்சி வழங்கும் ஒப்பந்தத்தில் பெரும் பணம் சேர்த்தவர். மகளை முதலில், டான்யூபுக்கு வடக்கே இருந்த வாலாக்கியாவின் அரசர் ஒருவருக்கே கட்டிக்கொடுத்திருந்தார். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. இரண்டாம் திருமணத்தில் 1641-ல் பிறந்த மகன்தான் அலெக்ஸாண்டர். பட்டுப் பணமும் இறைச்சிப் பணமும் சேர்ந்து இந்தப் பையனின் படிப்பில் போய் விழுந்தன. இந்தக் குடும்பம் செய்த மிகச் சிறந்த முதலீடு என்று நான் நினைப்பது அதைத்தான்.

அலெக்ஸாண்டர் ரோமில் கிரேக்கர்களுக்கான கல்லூரியில் படித்தார். பிறகு இத்தாலியிலேயே மருத்துவம். 1664-ல் போலோனியாவில் அவருடைய ஆய்வு அச்சானது: இரத்த ஓட்டத்தில் நுரையீரலின் பங்கு என்ன என்பது பற்றி. இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று ஆங்கில வைத்தியர் ஹார்வி சொல்லி அப்போது 36 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஐரோப்பாவிலேயே சூடாக விவாதிக்கப்பட்ட விஷயத்தைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு எழுதிய இளைஞர், ஊர் திரும்பிப் பேராயரின் பள்ளியில் ஆசிரியராகவும், பெரியவர்கள் வீட்டு வைத்தியராகவும் ஆனார்.

வைத்தியம் ஏன் என்று கேட்டால், அதுதான் அரண்மனைக்குள் போகும் வாசல். வெனிஸின் ஆட்சியில் இருந்த பதுவா பல்கலைக்கழகம் கத்தோலிக்கர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டது. கிரேக்க இளைஞர்கள் பலர் அங்கே போய் வந்தார்கள். திரும்பும்போது இலத்தீனும் இத்தாலியமும் கைவசம் இருக்கும். வசீரின் நாடியைப் பிடிக்கும் கை, அவருக்கு வந்த வெளிநாட்டுக் கடிதத்தையும் பிரித்துப் படித்துச் சொல்லும். உதுமானிய உயர்குடி முஸ்லிம்கள் ஐரோப்பிய மொழிகளைக் கற்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அதுவரை அந்த வேலையைப் பெரும்பாலும் மதம் மாறிய போலந்துக்காரர்களும் ஹங்கேரியர்களும் பார்த்துவந்தார்கள். 1661-ல் பெரிய வசீர் கோப்ருலு ஃபாசில் அகமது பாஷா அந்தப் பொறுப்பைப் பனயோட்டிஸ் நிகூசியோஸ் என்ற கிரேக்க வைத்தியரிடம் கொடுத்தார். கிரீட் தீவின் கோட்டையை 1669-ல் வெனிஸ்காரர்கள் ஒப்படைத்தபோது பேச்சுவார்த்தையில் இருந்தவர் இவர்தான். நிகூசியோஸ் 1673-ல் இறந்ததும், அவரிடம் உதவியாளராக இருந்த அலெக்ஸாண்டர் அந்த இடத்துக்கு வந்தார்.

அந்தப் பதவியை ஐரோப்பியர்கள் தலைமை டிராகோமான் என்றார்கள். நமக்குப் பழகிய சொல்லில் தலைமை துபாஷி. ஆனால் வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று எண்ணிவிட வேண்டாம். தூதர்கள் யாரை எப்போது பார்க்கலாம், எந்தக் கடிதம் எந்தத் தொனியில் போக வேண்டும் என்பதிலெல்லாம் இவர் கை இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொதுவாக மறுக்கப்பட்ட சலுகைகள் இவருக்கு உண்டு: தாடி வளர்க்கலாம், வேலைக்காரர்கள் சூழக் குதிரையில் போகலாம், மென்மயிர்த் தோல் அங்கி அணியலாம், வரி கிடையாது. இதெல்லாம் பதவி இருக்கும்வரை. பதவி போனால் தலையும் கூடவே போகலாம்.

அலெக்ஸாண்டருக்கு அது பத்தே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 1683-ல் வியன்னா முற்றுகை படுதோல்வியில் முடிந்தது. பெரிய வசீர் காரா முஸ்தபா பெல்கிரேடில் கழுத்து நெரிக்கப்பட்டார். அவருக்கு நெருங்கியவர் என்பதால் அலெக்ஸாண்டரைச் சிறையில் போட்டார்கள். தாயையும் மனைவியையும்கூட விட்டுவைக்கவில்லை. பெரும் தொகை கட்டித்தான் வெளியே வந்தார்கள். ஆனால் போர் தொடர்ந்தது, தோல்விகளும் தொடர்ந்தன. எதிரியோடு பேசத் தெரிந்த ஆள் வேண்டுமே? சிறையிலிருந்து வந்தவரையே மறுபடி கூப்பிட்டார்கள். 1688-ல் சமாதானம் பேச வியன்னாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்.

அவருடைய பெரிய நாள் 1699 ஜனவரி 26. இன்றைய செர்பியாவில் இருக்கும் கார்லோவிட்ஸில் ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ் ஆகியவற்றோடு உதுமானியர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உதுமானியத் தரப்பில் ராமி மெஹ்மத் எஃபெந்தியும் அலெக்ஸாண்டரும். நடுவர்களாக ஆங்கிலேய, டச்சுத் தூதர்கள். யார் முதலில் உள்ளே நுழைவது என்ற கௌரவச் சண்டை வராமலிருக்க, பேச்சு நடந்த கட்டடத்துக்கு நான்கு வாசல் வைத்தார்கள் என்பார்கள். அலெக்ஸாண்டர் இரண்டு பக்கமும் போய், ‘சமாதானத்தை முதலில் கேட்டது அவர்கள்தான்’ என்று தனித்தனியாகச் சொல்லிவைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அந்த ஆளுக்குப் பொருந்துகிறது. ஹங்கேரியின் பெரும்பகுதியும் திரான்சில்வேனியாவும் கைவிட்டுப்போன ஒப்பந்தம் அது. இருந்தும் சுல்தான் அவரைத் தண்டிக்கவில்லை. ‘இரகசியங்கள் அறிந்தவர்’ என்ற பட்டம் கொடுத்தார். அப்புறம் அந்தப் பட்டத்தின் கிரேக்க வடிவத்தாலேயே வரலாற்றில் அறியப்பட்டார். 1690களின் இறுதியிலேயே துபாஷிப் பதவி மகன் நிகோலாஸின் கைக்கு வந்திருந்தது. 1709-ல் அலெக்ஸாண்டர் படுக்கையில் இயல்பாக இறந்தார். அவர் இருந்த இடத்தில் அதுவே ஒரு சாதனை.

அதே 1709-ல் நிகோலாஸ் மோல்தாவியாவின் ஆட்சியாளராக அனுப்பப்பட்டார். இங்கேதான் கதை வேறு தளத்துக்குப் போகிறது. டான்யூபுக்கு வடக்கே, இன்றைய ருமேனியாவில் பெரும்பகுதியாக இருக்கும் வாலாக்கியாவும் மோல்தாவியாவும் அப்போது சுல்தானுக்குக் கப்பம் கட்டும் கிறிஸ்தவ நாடுகள். உள்ளூர்ப் பிரபுக்களான போயார்கள் அங்கே இருந்தார்கள். அரசரும் உள்ளூர்க்காரராகவே இருப்பது வழக்கம். 1711-ல் மோல்தாவிய அரசர் திமித்ரி கான்தெமிர் ரஷ்யாவின் மகா பீட்டரோடு சேர்ந்துகொண்டார். பீட்டர் புரூத் ஆற்றங்கரையில் தோற்றதும் கான்தெமிர் ரஷ்யாவுக்கு ஓடினார். வாலாக்கியாவின் பிரான்கோவானு மீதும் சந்தேகம் விழுந்தது. 1714-ல் அவரையும் நான்கு மகன்களையும் இஸ்தான்புல்லில் வெட்டிக் கொன்றார்கள். உள்ளூர் அரசர்களை இனி நம்பக் கூடாது என்று முடிவெடுத்த அரசவைக்கு, கண்ணெதிரே இருந்த நம்பகமான கிறிஸ்தவர்கள் ஃபனார்க்காரர்கள்தான். அவர்களின் வீடும் உறவும் இஸ்தான்புல்லில். ஓடிப்போனால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று சுல்தானுக்குத் தெரியும். 1711-ல் மோல்தாவியா மறுபடி நிகோலாஸுக்கு, 1716-ல் வாலாக்கியாவும் அவருக்கே. அடுத்த நூறாண்டு இந்த இரண்டு அரியணைகளிலும் ஃபனார்க் குடும்பங்களே மாறி மாறி உட்கார்ந்தன. எல்லோரும் இரத்தத்தால் கிரேக்கர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீக்கா குடும்பம் அல்பேனிய வழி, கல்லிமாகி குடும்பம் மோல்தாவிய வழி. மொழியாலும் படிப்பாலும் கிரேக்கர்கள் ஆனவர்கள்.

நிகோலாஸுக்கு ஒரு சாக்கு இருந்தது. அவர் தாய் சுல்தானா (இது பெயர்தான், பட்டமல்ல) வழியில் பழைய மோல்தாவிய அரசர் ஒருவரின் இரத்தம் உண்டு. வணிகர் வீடு அரச வம்சமானது இப்படி ஒரு கல்யாணத்தால்.

இந்த மனிதரை எனக்கு எப்படி மதிப்பிடுவது என்றே தெரியவில்லை, அவ்வளவு முரண். அவர் சேர்த்த நூலகத்தின் மீது ஐரோப்பிய அரசவைகளே கண் வைத்திருந்தன. கேன்டர்பரி பேராயர் வில்லியம் வேக்கோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கடமைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1719-ல் புகாரெஸ்டில் அச்சானது. இஸ்தான்புல் தோட்டம் ஒன்றில் நடக்கும் உரையாடலாக அவர் எழுதத் தொடங்கிய கதை, நவீன கிரேக்கத்தின் முதல் நாவல் முயற்சி என்று கருதப்படுகிறது. அது அச்சைக் கண்டது 1800-ல்தான். இதே மனிதர் 1716-ல், ஆஸ்திரியாவோடு சேர்ந்து சதி செய்ததாகச் சொல்லி, வாலாக்கியாவின் பேராயர் ஆன்திம் இவிரியானுலைப் பதவியிறக்கி நாடுகடத்த வழி செய்தார். ஆன்திம் ஜார்ஜியாவில் பிறந்து, ருமேனிய மொழியில் நூல்கள் அச்சிட்ட பெரிய அச்சாளர். வழியிலேயே காவல் வீரர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். 1992-ல் ருமேனியத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதே 1716-ன் இறுதியில் ஆஸ்திரியப் படை புகாரெஸ்டுக்குள் புகுந்து நிகோலாஸையே தூக்கிக்கொண்டு போனது. 1718-ல் சமாதானம் ஏற்படும்வரை அவர் திரான்சில்வேனியாவில் கைதி. இடைக்காலத்தில் வாலாக்கியாவைப் பார்த்துக்கொண்டது அவருடைய தம்பி யோவான். அண்ணன் போனால் தம்பி, தகப்பன் போனால் மகன். நாற்காலி மட்டும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. திரும்பிவந்த நிகோலாஸ் 1730-ல் இறக்கும்வரை ஆண்டார்.

இந்த ஆட்சிக்குப் பின்னால் ஓடிய பணத்தைப் பார்க்காமல் எதுவும் விளங்காது. அரியணை என்பது நடைமுறையில் ஒரு குத்தகை. நியமனத்துக்குப் பணம், பெரிய வசீருக்குத் தனியாக, சுல்தானின் உறவினர்களுக்குத் தனியாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது மறுபடியும். அதனால் அடிக்கடி ஆளை மாற்றுவது கருவூலத்துக்கு இலாபம். கடன் வாங்கித்தான் இந்தத் தொகையைக் கட்டுவார்கள். இஸ்தான்புல்லில் பேராயர் ஆசி வழங்க, சுல்தான் அங்கி போர்த்த, இரண்டு குதிரைவால் கொடியோடு ஆடம்பரமாகப் புகாரெஸ்டுக்குள் நுழையும் அரசருக்குப் பின்னால் கடன்காரர்களும் வருவார்கள். அத்தனையும் கடைசியில் யார் தலையில் விடியும்? குடியானவன் தலையில்தான். வரி தாங்காமல் குடும்பம் குடும்பமாக டான்யூபைத் தாண்டியும் மலையைத் தாண்டியும் ஓடினார்கள்.

நிகோலாஸின் மகன் கான்ஸ்டன்டைன் இந்தச் சுழலின் உருவம். தகப்பனார் இறந்ததும் 19 வயதில் போயார்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில வாரங்கள்தான். இஸ்தான்புல்லில் பத்ரோனா ஹலீல் கலகம் வெடித்து சுல்தான் மூன்றாம் அகமது இறங்க, இவரும் இறங்க வேண்டியதாயிற்று. 1730-க்கும் 1769-க்கும் இடையில் வாலாக்கியாவில் ஆறு முறை, மோல்தாவியாவில் நான்கு முறை ஆண்டார். பத்து முறை அரியணை ஏறி, பத்து முறையும் இழந்தவர்.

ஆனால் ஃபனார்க்காரர்களில் ஒருவரைச் சீர்திருத்தவாதி என்று தயங்காமல் சொல்லலாம் என்றால் அவர் இவர்தான். கண்டபடி விழுந்த பல வரிகளை ஒன்றாக்கி, ஆண்டுக்கு நான்கு தவணையில் கட்டச் செய்தார். மாவட்ட அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்தார். போயார் என்ற தகுதியை நிலத்தோடு இணைக்காமல் அரசுப் பதவியோடு இணைத்தார்; அந்த யோசனை இஸ்தான்புல்லிலிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். தன் சீர்திருத்தத் திட்டத்தை 1742-ல் பிரெஞ்சு இதழ் ஒன்றில் வெளியிடவும் செய்தார். விளம்பரத்தின் அருமை தெரிந்தவர். 1746-ல் வாலாக்கியாவிலும், 1749-ல் மோல்தாவியாவிலும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமை முறையை ஒழித்தார். வாலாக்கியாவில் நிலக்காரர் விடுவிக்க மறுத்தால், குடியானவன் பத்து தாலர் (வெள்ளி நாணயம்) கட்டித் தானே விடுதலை பெறலாம்.

இதை வெறும் கருணை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓடிப்போன குடியானவர்களைத் திரும்ப வரவைக்க வேண்டும். ஊரில் ஆள் இருந்தால்தான் வரி வரும், வரி வந்தால்தான் நாற்காலி நிற்கும். அதோடு விடுதலைக்குப் பிறகும் நிலக்காரருக்கு ஆண்டில் இத்தனை நாள் கூலியில்லா உழைப்பு என்ற கடமை இருந்துகொண்டே இருந்தது. ரோமா மக்கள் அதே நாட்டில் விலைக்கு வாங்கி விற்கப்படும் முழு அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை இந்தச் சட்டம் தொடவில்லை. அவர்களுக்கு விடுதலை முழுமையாக வந்தது 1850களில். இத்தனையும் சொன்ன பிறகும், பிரான்ஸிலேயே நிலப்பிரபுத்துவக் கடமைகள் ஒழிய இன்னும் 40 ஆண்டுகள் இருந்தபோது இது நடந்தது என்பதை மறைக்க முடியாது. கான்ஸ்டன்டைனின் முடிவு பரிதாபமானது. ரஷ்ய–துருக்கியப் போரில் பிடிபட்டு, 1769-ல் மோல்தாவியாவின் யாஷி நகரில் ரஷ்யர்களின் கைதியாக இறந்தார்.

அதன்பின் குடும்பத்தின் செல்வாக்கு சரிந்தது. 1780களில் அலெக்ஸாண்டர் என்ற பெயரிலேயே இரண்டு பேர் அடுத்தடுத்து மோல்தாவியாவை ஆண்டார்கள். இரண்டாமவர் ரஷ்யாவுக்கு ஓடிவிட்டதால் ‘ஓடிப்போனவர்’ என்ற பட்டமே துருக்கியில் ஒட்டிக்கொண்டது. கப்பம் கட்டும் நாட்டு அரசர்கள் ரஷ்யா பக்கம் ஓடக் கூடாது என்பதற்காகத்தானே இவர்களைக் கொண்டுவந்தார்கள்! 1819-ல் இரண்டாம் மஹ்மூத் சுல்தான், இனி இந்த அரியணைகளும் துபாஷிப் பதவியும் குறிப்பிட்ட நான்கு வீடுகளுக்கு மட்டுமே என்று சட்டம் போட்டார். அந்தப் பட்டியலில் மாவ்ரோகோர்தாதோஸ் பெயர் இல்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இங்கே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. குடும்பத்தின் அடுத்த பெரிய மனிதர் இன்னொரு அலெக்ஸாண்ட்ரோஸ், 1791-ல் பிறந்தவர். தாய்வழி உறவினரான வாலாக்கிய அரசர் கராஜாவிடம் வேலை பார்த்தார். 1818-ல் கராஜா நாட்டை விட்டு ஓடியபோது கூடவே போய், இத்தாலியின் பீசா நகரில் தங்கினார். அங்கே மேரி ஷெல்லிக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார். கவிஞர் ஷெல்லி கிரேக்க விடுதலை பற்றிய தன் கவிதை நாடகத்தை இவருக்கே காணிக்கை ஆக்கினார். இஸ்தான்புல்லில் இவருக்கு இனி ஏற ஒரு படியும் இல்லை. 1821-ல் சுல்தானுக்கு எதிராகக் கிரேக்கப் புரட்சி வெடித்ததும் மேற்குக் கிரேக்கத்தின் மிசோலோங்கி போய்ச் சேர்ந்தார். அதற்காக, பதவி கிடைக்காததால்தான் புரட்சிக்காரர் ஆனார் என்று முடிவு கட்டிவிட முடியாது. 1819 சட்டப்படி அரியணை கிடைத்து, மோல்தாவியாவில் ஆட்சியில் இருந்த மைக்கேல் சூத்சோஸும் புரட்சியோடுதான் சேர்ந்தார்.

அந்த ஆண்டில் சுல்தான் ஃபனாரை நம்புவதை நிறுத்தினார். தலைமை துபாஷி கான்ஸ்டன்டைன் மூரூசிஸ் கொல்லப்பட்டார். ஈஸ்டர் அன்று தலைமைப் பேராயர் ஐந்தாம் கிரிகோரி தன் இருக்கையின் வாசலிலேயே தூக்கிலிடப்பட்டார். அரசு சொந்தமாக மொழிபெயர்ப்பு அலுவலகம் தொடங்கி முஸ்லிம் இளைஞர்களைப் பயிற்றுவித்தது. வாலாக்கியாவில் துதோர் விளாதிமிரெஸ்கு தலைமையில் எழுந்த கிளர்ச்சி ஃபனார் ஆட்சிக்கே எதிரானது. 1822-ல் இரு நாடுகளுக்கும் உள்ளூர் அரசர்கள் திரும்பினார்கள். ருமேனிய வரலாற்றில் ஃபனாரியோட்டு என்ற சொல் நீண்ட காலம் வசையாகவே இருந்தது. நிகோலாயே யோர்கா போன்ற வரலாற்றாசிரியர்கள்தான் அந்தக் காலத்தைக் கொஞ்சம் பரிவோடு பார்க்கத் தொடங்கினார்கள். புகாரெஸ்டில் நிகோலாஸ் கட்டிய வகரெஷ்தி மடாலயம் பிற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்து, கடைசியில் 1980களில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சியில் இடிக்கப்பட்டது.

கிரேக்கத்தில் அலெக்ஸாண்ட்ரோஸுக்கு வரவேற்பு கலவையாகவே இருந்தது. மலைநாட்டுப் போர்த் தலைவர்கள் நடுவே கண்ணாடியும் ஐரோப்பியக் கோட்டுமாக ஒரு மனிதர். கோலோகோத்ரோனிஸ் போன்றவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1822-ல் எபிதாவ்ரோஸில் கூடிய முதல் தேசிய சபைக்குத் தலைமை தாங்கி, புதிய அரசின் தலைவரானார். அதே ஆண்டு பேத்தாவில் படை நடத்தப் போய்ப் படுதோல்வி கண்டார். போர் அவர் தொழில் அல்ல. ஆனால் மிசோலோங்கியின் முதல் முற்றுகையில் எதிரியோடு பேச்சை இழுத்தடித்து, உதவி வரும்வரை ஊரைக் காப்பாற்றினார். கார்லோவிட்ஸில் பேரம் பேசியவரின் வழிவந்தவர்தான். 1824 ஜனவரியில் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்து இறங்கியதும் இவரிடம்தான். பிறகு பிரிட்டன் ஆதரவுக் கட்சியின் தலைவராக, பல முறை பிரதமராக இருந்து, 1865-ல் ஏயினா தீவில் இறந்தார்.

ஆக, விலைபோனவர்களா என்றால், அவர்கள் விற்றது மொழியறிவை. வாங்க ஆள் இருந்தவரை விற்றார்கள். மக்களுக்கு உதவினார்களா என்றால், பள்ளிகளுக்கும் திருச்சபைக்கும் அச்சகங்களுக்கும் நிறையச் செய்தார்கள். அந்தப் பணம் ருமேனியக் குடியானவனிடமிருந்து வந்தது. பிரபுப் பட்டத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. 1844-ல் கிரேக்கம் ஒரு அரசியலமைப்பை ஏற்றது. கிரேக்கக் குடிமக்களுக்குப் பிரபுப் பட்டம் எதுவும் வழங்கப்படாது, இருந்தாலும் அங்கீகரிக்கப்படாது என்று அதில் எழுதினார்கள். அதை இயற்றிய சபையின் துணைத் தலைவர்களில் ஒருவர் அலெக்ஸாண்ட்ரோஸ் மாவ்ரோகோர்தாதோஸ். அந்த அரசியலமைப்பின் கீழ் அந்த ஆண்டே பிரதமராகவும் பதவியேற்றார்.